பென்சில்வேனியாவின் டிரவுட் மீன் கழகங்கள்

டிரவுட் மீன் கழகம் என்பது, ஓர் ஊரிலோ ஓர் ஓடையின் கரையிலோ வாழும் தூண்டில் மீன்பிடிப்பாளர்கள் ஒன்றுசேர்ந்து, டிரவுட் மீன்குஞ்சுகளை வளர்த்து நீர்நிலைகளில் விடுவதற்காகவும், அந்நீர்நிலைகளைப் பேணுவதற்காகவும் அமைத்துக்கொள்ளும் தன்னார்வ அமைப்பு ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இத்தகைய கழகங்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன. வளர்த்த மீன்களை இயற்கை நீர்நிலைகளில் விடுவது மீன்வளத் துறையில் "இருப்பு செய்தல்" எனப்படுகிறது. இம்மாநிலத்தில் ஆண்டுதோறும் இருப்பு செய்யப்படும் டிரவுட் மீன்களில் ஏறத்தாழ 32 இலட்சம் மீன்களை மாநில அரசின் மீன், படகு ஆணையம் வளர்த்து விடுகின்றது. கழகங்கள் தம் பங்குக்குப் பத்து இலட்சம் அளவில் விடுகின்றன. இப்பத்து இலட்சமும் ஊதியம் பெறாதவர்களின் உழைப்பால் வளர்ந்தவை.

ஓடையில் மீன் குறைந்தால் மீனைக் கொண்டுவந்து விடவேண்டும் என்னும் எளிய எண்ணத்திலிருந்தே இக்கழகங்கள் தோன்றின. அவ்வாறு விடுவது ஓடைக்கு நன்மை செய்கின்றதா, அன்றி அங்கே ஏற்கெனவே வாழும் மீனுக்குத் தீங்காகின்றதா என்னும் கேள்வி 1970களிலிருந்து இக்கழகங்களை விட்டு நீங்கவில்லை.

மீனும் அது வாழும் நீரும்

பென்சில்வேனியாவில் மூவகை டிரவுட் மீன்கள் வளர்த்து விடப்படுகின்றன. அவற்றுள் ஓடை டிரவுட் (சால்வெலினசு ஃபான்டினாலிசு) ஒன்றே அம்மண்ணுக்கு உரியது. இதுவே 1970 முதல் அம்மாநிலத்தின் மாநில மீனாகவும் உள்ளது. உயிரியல் வகைப்பாட்டின்படி இது டிரவுட் அன்று, சார் என்னும் நெருங்கிய உறவினத்தைச் சேர்ந்தது. பழுப்பு டிரவுட் (சால்மோ ட்ரூட்டா) ஐரோப்பாவிலிருந்து வந்தது. வானவில் டிரவுட் (ஆன்கோரிங்கசு மைக்கிசு) அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளிலிருந்து கொண்டுவரப்பட்டது. நீலகிரியின் அவலாஞ்சிப் பொரிப்பகத்தின் வழியாகத் தமிழ்நாட்டிலும், இலங்கையின் ஓர்ட்டன் சமவெளியிலும் நிலைபெற்றது இவ்வானவில் டிரவுட்டே ஆகும்.

இம்மூன்றுக்கும் குளிர்ந்த, உயிர்வளி மிகுந்த நீர் தேவை. நீரின் வெப்பநிலை 20 பாகை செல்சியசைக் கடந்தால் ஓடை டிரவுட் துன்புறத் தொடங்குகின்றது. பழுப்பு, வானவில் இனங்கள் இதைவிடச் சற்றுக் கூடுதலான வெப்பத்தைத் தாங்கும். எனினும் 25 பாகையை நெருங்கும் நீரில் அவையும் நெடுநாள் வாழா. பென்சில்வேனியாவில் ஏறத்தாழ 86,000 மைல் நீளமுள்ள ஓடைகளும் ஆறுகளும் உள்ளன. அவற்றுள் கணிசமானவை வசந்தகாலத்தில் டிரவுட்டுக்கு ஏற்ற குளிர்ச்சியுடனும், சூலையில் ஏற்காத வெப்பத்துடனும் ஓடுகின்றன. கழகங்கள் செய்யும் பணியின் பெரும்பகுதியை இந்த வேறுபாடு ஒன்றே தீர்மானிக்கின்றது எனலாம். கோடையில் மீன் பிழைக்க இயலாத ஓடையில் வசந்தத்தில் விடப்படும் மீன் சில வாரங்களில் பிடிபட வேண்டும், இல்லையேல் மடிய வேண்டும்.

வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் காடுகள் ஏறத்தாழ முழுமையாக வெட்டப்பட்டன. தோல் பதனிடுவதற்கான பட்டைக்காக எம்லாக் மரங்கள் வீழ்த்தப்பட்டன. நிழல் அகன்றதால் ஓடைகள் சூடேறின. மரக்கட்டைகளை மிதக்கவிட்டுக் கொண்டுசெல்வதற்காகத் தற்காலிக அணைகள் கட்டப்பட்டு, நீர் ஒருசேரத் திறந்துவிடப்பட்டது. இதனால் ஓடைப் படுகைகள் அரிக்கப்பட்டன. நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வெளியேறிய அமிலநீர் எஞ்சியவற்றைக் கெடுத்தது. மாநில மீன் ஆணையம் 1866 ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்டது. எனினும் அதற்கு உடனடிக் காரணமாக இருந்தது டிரவுட் அன்று. சசுகுவகன்னா ஆற்றில் கட்டப்பட்ட அணைகளால் சாட் என்னும் மீனின் வலசை தடைப்பட்டதே காரணமாகும்.

முட்டையையும் விந்தையும் கையால் பிழிந்து கலந்து மீன்குஞ்சு பொரிக்கச் செய்யும் முறை ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. 1860களில் இம்முறை அமெரிக்காவில் தொழிலாக வளர்ந்தது. 1879 இல் கலிபோர்னியாவின் மெக்கிளவுட் ஆற்றங்கரையில் ஐக்கிய அமெரிக்க மீன் ஆணையம் வானவில் டிரவுட் வளர்ப்பு நிலையம் ஒன்றை நிறுவியது. 1883 இல் செருமனியிலிருந்து பழுப்பு டிரவுட் முட்டைகள் நியூயார்க்குக்கு வந்து சேர்ந்தன. குஞ்சுகள் பால் கேன்களில் அடைக்கப்பட்டுத் தொடர்வண்டியில் ஊர் ஊராக அனுப்பப்பட்டன. நிலையத்தில் வண்டி நிற்கும்போது கேனைப் பெற்றுக்கொண்டு, குதிரை வண்டியில் ஏற்றி ஓடைக்குக் கொண்டுசென்றவர்கள் உள்ளூர் மீன்பிடிப்பாளர்களே. பிற்காலக் கழகங்களின் பழக்கம் இங்கிருந்தே தொடங்குகின்றது.

அக்காலத்தில் எல்லாக் கழகங்களும் எளியோருடையனவாக இருக்கவில்லை. பிட்சுபர்க் நகரச் செல்வந்தர்கள் 1879 இல் தொடங்கிய சவுத் ஃபோர்க் மீன்பிடி, வேட்டைக் கழகம் இதற்கு எடுத்துக்காட்டு. ஆண்ட்ரூ கார்னகி, என்றி ஃபிரிக் ஆகியோர் அதன் உறுப்பினர்களாக இருந்தனர். கைவிடப்பட்டிருந்த பழைய மண் அணை ஒன்றை வாங்கிச் சீர்செய்து, ஏரியை நிரப்பி, அதில் கரும் பாஸ் மீன்களை இருப்பு செய்தனர். வண்டிப்பாதைக்காக அணையின் உச்சி தாழ்த்தப்பட்டது. அடியில் இருந்த வடிகுழாய்கள் முன்னரே அகற்றப்பட்டிருந்தன, அவை மீண்டும் பொருத்தப்படவில்லை. மேலும், விலைகொடுத்து வாங்கிய மீன்கள் வெளியேறாதிருக்க மிகைநீர் வழியின் குறுக்கே இரும்புத் தடுப்புகள் அமைக்கப்பட்டன. 1889 மே 31 அன்று பெருமழையில் அத்தடுப்புகளைக் குப்பையும் மரக்கிளைகளும் அடைத்துக்கொண்டன. நீர் அணையின் மேல் வழிந்து அதனை உடைத்தது. பள்ளத்தாக்கின் கீழே இருந்த ஜான்சுடவுன் நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் 2,200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மீன் தடுப்பு மட்டுமே அணை உடைந்ததற்குக் காரணம் என்று கூற இயலாது. மிகைநீர் வழி தாழ்த்தப்பட்ட அணைக்குப் போதுமானதாக இல்லை என்பதே பொறியியல் நோக்கில் முதன்மையான குறை. ஆயினும் பயன்படாதிருந்த சில அங்குல வழியையும் அத்தடுப்புகள் அடைத்தன. நீதிமன்றங்கள் கழகத்தைப் பொறுப்பாக்கவில்லை.

எளிய மக்களின் கழகங்களுக்கு நிலையான வடிவம் தந்தது 1932 இல் தொடங்கிய கூட்டுறவு நாற்றங்கால் திட்டம் ஆகும். இதன்படி ஆணையம் விரலளவுக் குஞ்சுகளை இலவசமாக வழங்கும். தீவனம், தொட்டி, ஆள் உழைப்பு ஆகியவற்றைக் கழகம் ஏற்கும். வளர்ந்த மீன்கள் பொதுமக்கள் மீன்பிடிக்கக்கூடிய நீர்நிலைகளிலேயே விடப்பட வேண்டும். கழகத்தார் தமக்கென ஒரு மீனையும் ஒதுக்கிக்கொள்ளக் கூடாது என்பதே இத்திட்டத்தின் உயிர்நாடி.

நாற்றங்கால்

கழக நாற்றங்கால் பெரும்பாலும் ஒரு நீரூற்றை ஒட்டி அமைகின்றது. ஊற்றுநீர் ஆண்டு முழுவதும் 10 பாகை செல்சியசு அளவிலேயே வெளிவருவதால் குளிர்காலத்தில் உறைவதில்லை, கோடையில் சூடாவதுமில்லை. நீண்டு ஒடுங்கிய கான்கிரீட் வாய்க்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டப்பட்டு, ஊற்றுநீர் அவற்றினூடாக ஓடி இறுதியில் ஓடையில் கலக்கின்றது. ஒரு வாய்க்காலிலிருந்து அடுத்த வாய்க்காலுக்கு நீர் அருவியாக விழும்படி அமைப்பது வழக்கம். விழும் நீர் இழந்த உயிர்வளியில் ஒரு பகுதியைக் காற்றிலிருந்து மீளப் பெறுகின்றது.

எத்தனை மீன்களை வளர்க்கலாம் என்பது இடத்தைப் பொறுத்ததன்று, நீரோட்டத்தைப் பொறுத்தது. 10 பாகையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் உயிர்வளி கரைந்திருக்கும். டிரவுட் நலமுடன் இருக்க வெளியேறும் நீரில் குறைந்தது 6 மில்லிகிராம் எஞ்ச வேண்டும். ஆகவே லிட்டருக்கு 5 மில்லிகிராம் மீன்களுக்குக் கிடைக்கின்றது. நொடிக்கு 10 லிட்டர் பாயும் ஊற்று ஒன்று நாளொன்றுக்கு 4.3 கிலோகிராம் உயிர்வளியைத் தருகின்றது என்று கொள்ளலாம். ஒரு கிலோகிராம் தீவனத்தை உண்டு செரிக்க மீன்களுக்கு 200 முதல் 250 கிராம் உயிர்வளி வேண்டும். எனவே அந்நீரில் நாளொன்றுக்கு 17 முதல் 21 கிலோகிராம் வரை தீவனம் இடலாம். மீன்கள் தம் உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கு உண்பதாகக் கொண்டால், 250 கிராம் எடையுள்ள ஏறத்தாழ 7,000 முதல் 8,000 மீன்களை அந்த ஊற்று தாங்கும். இது தோராயக் கணக்கு. வறட்சியில் ஊற்று மெலியும் என்பதால் அறிந்தவர்கள் இதைவிடக் குறைவாகவே வைத்திருப்பர். ஊற்றில்லாமல் ஓடைநீரைப் பயன்படுத்தும் நாற்றங்கால்களில் நிலைமை இன்னும் கடினம். நீர் 18 பாகையாகும்போது கரைந்த உயிர்வளி 9.5 மில்லிகிராமாகக் குறைகின்றது. மீனின் தேவையோ அதே வேளையில் கூடுகின்றது.

குஞ்சுகள் பொதுவாக வசந்தத்தின் இறுதியிலோ கோடையின் தொடக்கத்திலோ கழகத்தை வந்தடைகின்றன. அடுத்த ஆண்டு வசந்தத்தில் அவை 25 செண்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்திருக்கும். இடைப்பட்ட ஏறத்தாழ ஓராண்டும் நாள்தோறும் எவரேனும் ஒருவர் வந்து குருணைத் தீவனம் இட வேண்டும், இறந்த மீன்களை அகற்ற வேண்டும், கழிவைக் கூட்டி வெளியேற்ற வேண்டும். கிறித்துமசு நாளும் இதற்கு விலக்கன்று. முறை வைத்து வரும் உறுப்பினர்களின் பெயர்ப்பட்டியல் கொட்டகைச் சுவரில் தொங்கும்.

எல்லாவற்றிலும் கொடிய காலம் இலையுதிர் காலமே. அக்டோபரில் உதிரும் இலைகள் நீர் உள்வரும் வலைத்தடுப்பை ஓர் இரவில் அடைத்துவிடும். நீரோட்டம் நின்றால் நெருக்கமாக உள்ள மீன்கள் வாய்க்காலில் எஞ்சிய உயிர்வளியை விரைவில் தீர்த்துவிடும். ஓராண்டு உழைப்பு விடியுமுன் வெண்வயிறு காட்டி மிதப்பதற்கு ஒரு கூடை இலை போதும். இதனால் பல கழகங்கள் நீர்மட்டம் தாழ்ந்தவுடன் தொலைபேசியில் அழைக்கும் எச்சரிக்கைக் கருவியைப் பொருத்தியுள்ளன. அழைப்பு வந்தால் நள்ளிரவில் எழுந்துபோய் இலையை வாருவதற்கு ஆள் வேண்டும். கருவி அதைச் செய்வதில்லை. நாரை, மீன்கொத்தி, மிங்க், ராக்கூன் ஆகியவற்றிடமிருந்து காக்க வாய்க்கால்களின் மேல் வலை கட்டப்படுகின்றது.

இருப்பு செய்யும் நாள்

மீன்களை ஏற்றுவதற்கு ஓரிரு நாட்களுக்கு முன்பே தீவனம் நிறுத்தப்படுகின்றது. வெறும் வயிற்றுடன் உள்ள மீன் பயணத்தில் நீரை அழுக்காக்காது, உயிர்வளியையும் குறைவாகவே செலவிடும். உயிர்வளி உருளை பொருத்திய தொட்டிகள் சிறு சரக்குந்துகளில் ஏற்றப்படுகின்றன. ஓடைக்கரையில் காத்திருக்கும் தன்னார்வலர்கள் நெகிழி வாளிகளில் மீன்களைப் பெற்று ஓடைக்குச் சுமந்து செல்கின்றனர். பாலத்தடியில் நின்று முழுத் தொட்டியையும் கொட்டிவிடுவதே எளிது. ஆனால் அவ்வாறு செய்தால் பருவம் தொடங்கும் நாளில் ஒரே மடுவைச் சுற்றி நூறு பேர் நிற்பர், மீதியுள்ள ஓடை வெறுமையாய்க் கிடக்கும். ஆகவே நல்ல கழகங்கள் மிதவைப் பெட்டி முறையைக் கையாளுகின்றன. வலையடித்த மரச்சட்டப் பெட்டியில் மீன்களை நிரப்பி, மார்பளவு நீர்புகாக் காலுடை அணிந்தவர்கள் அதனை ஓடையின் போக்கிலேயே இழுத்துச் செல்வர். ஒவ்வொரு மடுவிலும் சில மீன்கள் கைவலையால் எடுத்து விடப்படும். பனி முற்றும் உருகாத மார்ச்சு மாதத்தில் இப்பணி நடைபெறுகின்றது என்பதை நினைவிற்கொள்க.

பருவம் தொடங்கிய பின்னரும் சில முறை மீன் விடப்படுவதுண்டு. அந்நாட்களில் மீன்வண்டியைப் பின்தொடர்ந்து வந்து, வாளியிலிருந்து மீன் நீரில் விழுந்தவுடன் தூண்டில் போடுவோரும் உளர். கழகத்தார் இவர்களை விரும்புவதில்லை. எனினும் உரிமம் பெற்று அளவுக்குட்பட்டுப் பிடிப்பவரைத் தடுக்கச் சட்டம் இடம் தரவில்லை.

விடப்பட்ட மீனை இனங்காண்பது எளிது. கான்கிரீட்டில் உரசியும் பிற மீன்களால் கடிபட்டும் அதன் துடுப்புகள் தேய்ந்திருக்கும். அது குருணைத் தீவனத்துக்குப் பழகியது, ஆதலால் சோளமணிக்கும் பாலாடைக்கட்டி மணமூட்டிய மாவுக்கும் தயங்காமல் வாய் திறக்கும். பளிச்சிடும் மஞ்சள் நிறம் கொண்ட ஒருவகை வானவில் டிரவுட்டும் விடப்படுகின்றது. 1950களில் மேற்கு வர்சீனியாவில் தோன்றிய ஒரு நிறமாற்ற மீனிலிருந்து வளர்க்கப்பட்ட வகை இது. தெளிந்த நீரில் தொலைவிலிருந்தே தெரிவதால் சிறுவர்களுக்கு இதன்மேல் பெருவிருப்பம். நாரைகளுக்கும் அவ்வாறே.

பருவத் தொடக்கம்

இருப்பு செய்யப்படும் நீர்நிலைகள் பிப்ரவரி நடுப்பகுதி முதல் மீன்பிடிப்புக்கு மூடப்படுகின்றன. நெடுங்காலம் ஏப்ரல் நடுப்பகுதியில் தொடங்கி வந்த பருவம் 2021 முதல் மாநிலம் முழுவதும் ஏப்ரல் முதல் வாரத்தில், காலை 8 மணிக்குத் தொடங்குகின்றது. இந்நாளில் ஒருவர் ஐந்து டிரவுட் மீன்கள் வரை எடுத்துக்கொள்ளலாம். மீன் குறைந்தது 7 அங்குல நீளம் இருக்க வேண்டும். 16 வயது நிரம்பியவர்கள் மீன்பிடி உரிமத்துடன் டிரவுட்டுக்கான தனி இசைவையும் பெற வேண்டும். சிறுவர்கள் பெரியவர் ஒருவரின் துணையுடன் பருவத்துக்கு முன்பே மீன்பிடிப்பதற்கான சிறப்பு நாள் 2014 முதல் மாநிலம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. கழகங்கள் சிறுவர்களுக்கான மீன்பிடிப் போட்டிகளை நடத்துவதும், சில மீன்களுக்கு எண்ணிட்ட பட்டை அணிவித்துப் பிடித்தவருக்குப் பரிசளிப்பதும் உண்டு. தீவனச் செலவுக்கான பணம் இவ்விழாக்களிலிருந்தும், தேவாலயக் கூடங்களிலும் தீயணைப்பு நிலையங்களிலும் நடக்கும் விருந்துகளிலிருந்தும் கிடைக்கின்றது.

2020 இல் கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் இவ்வொழுங்கு குலைந்தது. கூட்டம் கூடுவதைத் தவிர்ப்பதற்காக ஆணையம் முன்னறிவிப்பின்றி ஏப்ரல் 7 ஆம் நாள் காலை பருவத்தைத் திறந்துவிட்டது. மாநில மீன்களை விடும் பணியிலும் அவ்வசந்தத்தில் தன்னார்வலர்கள் சேர்க்கப்படவில்லை.

நிலமும் வழியும்

பென்சில்வேனிய ஓடைகளில் பெரும்பாலானவை தனியார் நிலத்தினூடாக ஓடுகின்றன. நிலத்துக்கு உரியவர் நுழைவுத் தடைப் பலகை நாட்டிவிட்டால் அப்பகுதியில் ஆணையம் மீன் விடுவதில்லை. எனவே கழகத்தின் செயலாளர் மீனைவிட உழவர்களின் மனநிலையையே கூடுதலாகக் கவனிக்க வேண்டியவராகின்றார். தொடக்க நாள் முடிந்ததும் நரம்புச் சிக்கல்களையும் குளிர்பானக் குவளைகளையும் பொறுக்கிச் சுத்தம் செய்வதும், முறிந்த வேலியைக் கட்டித்தருவதும் மீன் வளர்ப்பதற்கு ஈடான பணிகளே. ஒரு மீன்பிடிப்பாளர் வாயிற்கதவைத் திறந்துபோட்டுச் சென்றதால் மாடுகள் சாலைக்கு வந்துவிட்டால், அடுத்த ஆண்டு ஒரு மைல் நீள ஓடை ஊருக்கு இல்லாமற் போகலாம்.

எதிர்த்திசையிலும் ஒரு வழக்கு நடந்தது. லிட்டில் ஜூனியாட்டா ஆற்றின் ஒரு பகுதியைக் கட்டண உறுப்பினர்களுக்கு மட்டும் உரியதாக்கிக்கொண்ட தனியார் மீன்பிடி நிறுவனம் ஒன்றுக்கு எதிராக மாநில அரசு வழக்குத் தொடுத்தது. பண்டைக்காலம் தொட்டே படகுப் போக்குவரத்துக்குப் பயன்பட்ட அவ்வாறு பொதுவுடைமை என 2007 இல் தீர்ப்பளிக்கப்பட்டது. ஆயினும் இது எல்லா ஓடைகளுக்கும் பொருந்துவதன்று. படகு செல்லாத சிற்றோடைகளில் நில உரிமையாளரின் நல்லெண்ணமே இன்றும் வழியாக உள்ளது.

நீரைத் திருத்துதல்

மீனை விடுவதைக் காட்டிலும் நீரைத் திருத்துவது கடினமானது, மெதுவானது, புகைப்படத்தில் அழகாகத் தெரியாதது. கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களில் பைரைட் கனிமம் காற்றுடனும் நீருடனும் கலந்து கந்தக அமிலத்தை உண்டாக்குகின்றது. அதில் கரைந்த இரும்பு ஓடைப் படுகையைச் செம்மஞ்சளாகப் பூசுகின்றது, அலுமினியம் மீனின் செவுள்களை அடைக்கின்றது. இத்தகைய ஓடையில் விடப்படும் மீன் ஒரு நாளும் தாங்காது. சுண்ணாம்புக்கற்கள் நிரப்பிய குழிகள், தொட்டிகள், சதுப்பு நிலங்கள் ஆகியவற்றின் வழியாக அமிலநீரைச் செலுத்தி அதன் காரத்தன்மையைக் கூட்டும் முறை பின்பற்றப்படுகின்றது. டியோகா மாவட்டத்தில் பைன் கிரீக்கில் கலக்கும் பாப் கிரீக் இவ்வழியில் மீண்ட ஓடைகளுள் நன்கறியப்பட்டது. ஒரு நூற்றாண்டளவு உயிரற்றுக் கிடந்த அதில், உள்ளூர்த் தன்னார்வ அமைப்பு ஒன்று அரசின் உதவியுடன் அமைத்த சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் பின்னர் டிரவுட் மீண்டும் வாழ்கின்றது.

வேளாண் நிலங்களில் பணி வேறு வகையானது. மாடுகள் கரையை மிதித்துச் சரிக்காதவாறு வேலி அமைத்தல், கரையில் மரம் நடுதல், மரக்கட்டைகளையும் பாறைகளையும் கொண்டு மடுக்களை உருவாக்குதல் ஆகியன அவற்றுள் சில. நட்ட மரம் நீரின் மேல் நிழல் விழுத்தப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். உறுப்பினர்களில் பெரும்பாலோர் முதியவர்களாக உள்ள ஒரு கழகம் அதற்கெனப் பணம் ஒதுக்குவது சிறிய செயலன்று.

இருப்பு செய்தல் பற்றிய விவாதம்

1959 இல் மிச்சிகன் மாநிலத்தின் ஓ சேபிள் ஆற்றங்கரையில் டிரவுட் அன்லிமிடெட் என்னும் அமைப்பு தொடங்கப்பட்டது. பிடிக்கும் அளவுக்கு வளர்ந்த மீன்களை ஆறுகளில் கொட்டுவதைவிட, ஆறுகள் தாமே மீன் ஈனும் நிலையில் இருப்பதே முதன்மையானது என்பது அதன் நிலைப்பாடு. அக்காலத்தில் இது வெறும் சுவை சார்ந்த கருத்தாகவே பலருக்குத் தோன்றியது. அதற்குச் சான்று கிடைத்தது மான்டானா மாநிலத்திலாகும். அங்கு டிக் வின்சென்ட் என்னும் மீன் உயிரியலாளர் 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் மேடிசன் ஆற்றின் ஒரு பகுதியில் மீன் விடுவதை நிறுத்தியும், அதுவரை மீன் விடப்படாத ஓடெல் கிரீக்கில் புதிதாக விட்டும் எண்ணிக்கையை ஒப்பிட்டார். விடுவதை நிறுத்திய இடத்தில் இயற்கை டிரவுட் பெருகியது. விடத் தொடங்கிய இடத்தில் இயற்கைப் பழுப்பு டிரவுட் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பண்ணையில் நெருக்கத்தில் வளர்ந்த மீன்கள் ஓடையின் இட ஒழுங்கை அறியாமல் எங்கும் முட்டி மோதி, தத்தம் இடத்தில் அமைந்திருந்த இயற்கை மீன்களைக் கலைக்கின்றன என்று விளக்கம் கூறப்பட்டது. 1974 இல் மான்டானா தன் ஆறுகளில் டிரவுட் இருப்பு செய்வதைக் கைவிட்டது.

மீனுடன் நோயும் பயணம் செய்கின்றது. மிக்சோபோலசு செரிபிராலிசு என்னும் ஒட்டுண்ணியால் உண்டாகும் சுழல்நோய் குஞ்சுகளின் குருத்தெலும்பைத் தாக்கி, அவை வாலைத் துரத்துவதுபோல் வட்டமிட்டு மடியச் செய்கின்றது. ஐரோப்பாவைச் சேர்ந்த இந்நோய் அமெரிக்காவில் முதன்முதலில் அறியப்பட்டது 1950களில், பென்சில்வேனியாவிலேயே. சேற்றில் வாழும் ஒருவகைப் புழு இவ்வொட்டுண்ணியின் இடைத்தங்கல் உயிரி ஆதலால், மண்குளங்களுக்கு மாற்றாகக் கான்கிரீட் வாய்க்கால்கள் வந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். 1994 இல் மேடிசன் ஆற்றிலும் இந்நோய் கண்டறியப்பட்டது. அங்கு வானவில் டிரவுட் பேரளவில் அழிந்தது.

பென்சில்வேனியாவின் சொந்தச் சான்று பெல்லிஃபோன்ட் நகரை ஒட்டி ஓடும் ஸ்பிரிங் கிரீக் ஆகும். 1934 இல் மாநில அரசு "மீனவர் சொர்க்கம்" என்னும் பெயரில் திறந்த மீன்பிடிப் பகுதி இவ்வோடையில்தான் உள்ளது. பெருமீன்கள் விடப்பட்டதால் அங்கே பெருங்கூட்டம் கூடியது. பின்னர் கெப்போன், மைரெக்ஸ் என்னும் பூச்சிக்கொல்லி வேதிப்பொருட்கள் ஓடையில் கலந்து மீன்களின் உடலில் சேர்ந்திருப்பது தெரியவந்தது. உண்ணத்தகாத மீனைப் பிடித்துச் செல்ல இடமளிக்க இயலாது. ஆகவே 1980களின் தொடக்கத்தில் மீனை வெளியே எடுப்பது தடைசெய்யப்பட்டது, இருப்பு செய்வதும் நின்றது. எவரும் திட்டமிடாத இச்சோதனையின் முடிவு என்னவெனில், இயற்கையாக இனம்பெருக்கும் பழுப்பு டிரவுட் அவ்வோடையை நிறைத்தது. இன்று மாநிலத்தின் சிறந்த மீன்பிடி ஓடைகளில் ஒன்றாக அது கருதப்படுகின்றது. ஆனால் பழுப்பு டிரவுட்டும் வந்தேறியே என்பதை மறத்தலாகாது. அது நிலைபெற்ற நீரிலிருந்து மண்ணுக்குரிய ஓடை டிரவுட் மலையுச்சிச் சிற்றோடைகளுக்குப் பின்வாங்கியுள்ளது.

1983 முதல் ஆணையம் "ஏ வகுப்பு" எனப்படும், இயற்கை டிரவுட் செறிந்த ஓடைகளில் மீன் விடுவதை நிறுத்தும் கொள்கையை மேற்கொண்டது. ஆயினும் முழுமையாக நிறுத்துவதற்குத் தடையாக இருப்பது பணம். ஆணையத்தின் வருவாய் பொது வரியிலிருந்து வருவதன்று. உரிமக் கட்டணமும், தூண்டிற் கருவிகளின் மீது 1950 ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி தண்டப்படும் வரியின் பங்குமே அதற்கு அடிப்படை. உரிமம் வாங்குவோரில் பெருந்தொகையினர் ஏப்ரல் மாதத்தில் விடப்பட்ட மீனைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுசெல்ல விரும்புவோர். இயற்கை ஓடைகளைக் காக்கும் உயிரியலாளருக்கான ஊதியமும் அவர்கள் செலுத்தும் பணத்திலிருந்தே வருகின்றது. விடுவதை நிறுத்தக் கோருவோர் இதற்கு நிறைவான மாற்று ஒன்றையும் இதுவரை முன்வைக்கவில்லை. விடுவதைத் தொடரக் கோருவோரும், கோடையில் சூடேறும் ஓடைகளோடு அதனை நிறுத்திக்கொள்ளாமல் இயற்கை மீன் வாழும் ஓடைகளையும் கேட்பது ஏன் என்பதற்கு நேரான விடை தருவதில்லை.

இடைப்பட்ட ஒரு வழி கழகங்களுக்குக் கிடைத்தது. மாநிலத்தின் பல்லாயிரம் சிற்றோடைகளில் என்ன மீன் வாழ்கின்றது என்பது எவராலும் ஆராயப்படாமலே இருந்தது. 2010 இல் ஆணையம் பல்கலைக்கழகங்களுடனும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளுடனும் சேர்ந்து அவற்றை ஆராயத் தொடங்கியது. முதுகில் மின்கலம் சுமந்தவர் நீரில் மெல்லிய மின்னோட்டம் பாய்ச்ச, மயங்கி மிதக்கும் மீன்கள் எண்ணப்பட்டு, அளக்கப்பட்டு, உயிருடன் திரும்ப விடப்படுகின்றன. விரலளவுக் காட்டு மீன் ஒன்று கிடைப்பினும் அது பொருளுடையது. ஏனெனில் இயற்கை டிரவுட் ஓடை எனப் பட்டியலில் சேர்ந்துவிட்டால், அதனைச் சார்ந்த ஈரநிலங்கள் மாநில விதிகளின்படி மிகு மதிப்புடையவையாகின்றன. பின்னர் அங்கே சாலையோ எரிவளிக் குழாயோ அமைக்க விரும்புவோர் கடுமையான நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும்.